கால் மரத்தால் சர்க்கரை மட்டும்தான் காரணமா?

மயிலாப்பூர், தி.நகர், அடையாறு வீடுகளில் பல ஆண்டுகளாகச் சர்க்கரை மாத்திரை சாப்பிடும் பெரியவர்கள் பலருக்குப் பாதம் மரத்துப்போவதும் எரிவதும் பழகிப்போன விஷயம். 'சர்க்கரை வந்தா அப்படித்தான்' என்று விட்டுவிடுகிறார்கள். பெரும்பாலும் அதுவே உண்மைதான். ஆனால் பி12 வைட்டமின் குறைந்தாலும் இதே மரமரப்பு, இதே எரிச்சல். சர்க்கரையால் கெட்ட நரம்பைத் தேற்றுவது கடினம். பி12 குறைவால் வந்ததைச் சீக்கிரம் கண்டுபிடித்தால் பெருமளவு மீட்கலாம். அதனால் எல்லாவற்றையும் சர்க்கரை கணக்கில் எழுதும் முன் ரத்தத்தில் பி12 அளவைப் பார்த்தே ஆக வேண்டும்.

மாவுச்சத்தும் புரதமும் செரித்ததும் சிறுகுடலின் முன்பகுதியிலேயே உறிஞ்சப்பட்டு, ரத்தம் வழியே கல்லீரலுக்குப் போய்விடும்; கொழுப்பு நிணநீர் வழியாகப் போகும். பி12-இன் பாதை அவ்வளவு சுலபமில்லை. உணவுப் புரதத்திலிருந்து அதைப் பிரிக்க இரைப்பை அமிலம் வேண்டும். பிறகு இரைப்பை சுரக்கும் ஒரு தனிப் புரதத்தோடு சேர்ந்து, சிறுகுடலின் கடைசிப் பகுதிக்குப் போனால்தான் உள்ளே நுழைய முடியும். 'கேஸ் மாத்திரை' என்று நாம் சொல்லும் பான்டோப்ரசோல், ஒமெப்ரசோல் முதல் கட்டத்தைத் தடுக்கின்றன. சர்க்கரைக்குத் தரப்படும் மெட்பார்மின் கடைசிக் கட்டத்தைக் கெடுக்கிறது. இரண்டையும் சேர்த்தே விழுங்குபவர்கள் ஏராளம். கல்லீரல் சில ஆண்டுகளுக்கான இருப்பை வைத்திருப்பதால், பாதிப்பு வெளியே தெரியவே காலமாகும். மெட்பார்மினால் பி12 குறைவது அடிக்கடி நேரும் பக்கவிளைவு என்று பிரிட்டன் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2022-இல் எச்சரித்தது.

தினமும் தயிர்சாதம் சாப்பிடுகிறோமே என்பார்கள். பாலிலும் தயிரிலும் பி12 உண்டு, ஆனால் குடல் ஏற்காதபோது தட்டில் இருந்து என்ன பயன்? இட்லி மாவு புளிப்பதால் கிடைக்கும் என்பதும் நம்பத்தக்கதல்ல. அப்படியானால் மெட்பார்மினை நிறுத்திவிடலாமா? கூடாது, அது மலிவான, நல்ல மருந்து. கடையில் தாமாக வாங்கிய பி12 ஊசியும் வேண்டாம். போட்ட பிறகு சோதித்தால் அளவு உயர்ந்தே காட்டும், குறை இருந்ததா என்பது தெரியாமல் போகும். ஃபோலிக் அமிலம் மட்டும் சாப்பிட்டாலோ ரத்தசோகை மறையும், நரம்புச் சேதம் உள்ளே தொடரும்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் சர்க்கரை மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவருகிறது. வரும் ஊழியரிடமோ மருத்துவரிடமோ கால் மரப்பைச் சொல்லுங்கள். பி12 சோதனை தேவையா, தேவையில்லை என்றால் ஏன் என்று கேளுங்கள். 104 மருத்துவ உதவி எண்ணுக்கும் அழைத்து ஆலோசனை பெறலாம். பழைய பதிவுகள் வேண்டுமென்றால், 2002 மருத்துவ நடத்தை விதிகளின்படி, கேட்ட 72 மணி நேரத்துக்குள் மருத்துவர் சிகிச்சைப் பதிவுகளைத் தர வேண்டும். கட்டணம் வாங்கும் மருத்துவமனையின் அலட்சியத்தால் பாதிப்பு வந்தால், 1995-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியபடி, நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். முற்றிலும் இலவசமாகச் சிகிச்சை தரும் இடத்துக்கு இது பொருந்தாது. சோதனையில் பி12 குறைவு உறுதியானால் ஊசிதான் ஒரே வழி என்றில்லை. 1000 மைக்ரோகிராம் மாத்திரையில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு எந்தப் புரதத்தின் துணையும் இல்லாமல் உள்ளே போய்விடும். பலருக்கு அதுவே போதும்.