எது போர்க்கள மரணம்?

மண்ணூர் முதல் ஒரகடம் வரை நெருங்கி நிற்கும் தொழிற்சாலைகளில் ஒருவர் விபத்துக்குள்ளானால், அது வேலையின் காரணமாகவும் வேலையின்போதும் நேர்ந்ததா என்பதையே இழப்பீட்டுச் சட்டம் முதலில் கேட்கிறது. இராணுவத்தில் இதே கேள்வி இன்னொரு படி மேலே செல்கிறது. பணியால் நேர்ந்தது என்று நிறுவினால் மட்டும் போதாது, பகையை எதிர்கொண்ட சூழலில் நேர்ந்ததா என்பதும் முடிவுசெய்யப்பட வேண்டும்.

பாதுகாப்பு அமைச்சகம் 2001 ஜனவரி 31 அன்று வெளியிட்ட ஆணை, இறப்பையும் ஊனத்தையும் ஏ முதல் இ வரை ஐந்து பிரிவுகளாக வகுத்தது. பணிக்குத் தொடர்பில்லாத இயற்கை மரணம் ஏ. பணிச்சூழலால் உண்டான அல்லது முற்றிய நோய் பி. பணியின்போது நேரும் விபத்து சி. தீவிரவாதிகள் போன்றோரின் வன்முறை டி. போர், எல்லை மோதல், அரசு அறிவித்த படை நடவடிக்கை ஆகியவை இ. கடைசி ஊதியத்தில் ஏ பிரிவுக் குடும்பத்துக்கு 30 விழுக்காடும், பி, சி பிரிவுகளுக்கு 60 விழுக்காடும் ஓய்வூதியமாகக் கிடைக்க, டி, இ பிரிவுகளில் அந்த ஊதியம் முழுவதுமே வழங்கப்படுகிறது. ஓர் எழுத்து மாறினால், வீட்டில் உலை வைப்பதே மாறிவிடுகிறது.

2020 ஜூன் 15 அன்று கல்வானில் இராமநாதபுரம் மாவட்டத்து ஹவில்தார் பழனி உள்ளிட்ட 20 வீரர்கள் கற்களாலும் தடிகளாலும் நடந்த மோதலில் உயிர்நீத்தபோது, துப்பாக்கி வெடிக்காததால் அது போர்க்களம் அல்ல என்று எவரும் வாதிடவில்லை. சிக்கல் எழுவது, எதிரி கண்ணுக்குத் தெரியாத இடங்களில்தான். 2016 பிப்ரவரி 3 அன்று சியாச்சினில் பனிச்சரிவில் புதைந்த மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் 10 வீரர்களில் நால்வர் தமிழகத்தைச் சேர்ந்தவர்கள். அவர்களைக் கொன்றது பனியேயாயினும், அங்கே அவர்களை நிறுத்தியது எல்லைக் காவல்.

எல்லையிலும் கட்டுப்பாட்டுக் கோட்டிலும் பணியாற்றும்போது இயற்கைச் சீற்றத்தாலும், தட்பவெப்பம் உண்டாக்கும் நோயாலும் நேரும் இழப்புகளைப் படையினர் ‘பேட்டில் கேஷுவல்டி’ என்றழைக்கும் போர்க்கள இழப்புகளில் 2003ஆம் ஆண்டின் இராணுவ ஆணை சேர்த்திருக்கிறது. அப்படியிருந்தும், 2013 ஜனவரியில் கட்டுப்பாட்டுக் கோட்டருகே கடுங்குளிரில் ரோந்துப் பணியிலிருந்தபோது மூச்சுத்திணறி இறந்த ஒருவரின் மனைவிக்கு முழு ஓய்வூதியம் மறுக்கப்பட்டது. 2019இல் ஆயுதப்படைத் தீர்ப்பாயம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்த பின்பும் அரசு மேல்முறையீடு செய்தது; 2024 டிசம்பர் 3 அன்று உச்சநீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்து, அந்தப் பெண்ணை நீதிமன்றத்துக்கு இழுத்திருக்கவே கூடாது என்று கண்டித்து, 50,000 ரூபாய் செலவுத்தொகையும் விதித்தது. விதி தெளிவாக இருக்கையில் ஒரு விதவையை 11 ஆண்டுகளுக்கு மேல் காக்க வைத்தது பெரும் அநீதி.

ஆகவே படைவீரர் குடும்பங்கள் ஓய்வூதிய ஆணையில் தொகையை மட்டும் பார்த்து நின்றுவிடாமல், இழப்பு எந்தப் பிரிவில் பதிவாகியிருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். அது தவறெனத் தோன்றினால் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தை அணுகலாம், சென்னையிலேயே ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் அமர்வும் இருக்கிறது.