நுண்ணோக்கிப் பெருங்குடலழற்சி: நோய் வகுப்பில் அதன் இடம்

தென் அந்தமானுக்கும் நடு அந்தமானுக்கும் இடையே அமைந்த பாராடாங் தீவு, சேற்று எரிமலைகளுக்கும் சுண்ணாம்புக்கல் குகைகளுக்கும் பெயர் பெற்றது. அதன் பரப்பு ஏறத்தாழ 240 சதுர கிலோமீட்டர். காட்டு வேலைக்காகச் சோட்டா நாகபுரியிலிருந்து அழைத்து வரப்பட்டோரின் வழியினரும், வங்காளிகளும், பிற பகுதிகளிலிருந்து வந்து குடியேறியவர்களும் அங்கு வாழ்கின்றனர். தலைநகரான போர்ட் பிளேர், 2024ஆம் ஆண்டில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றம் பெற்றது. தீவிலிருந்து அந்நகருக்குச் சாலை வழியே சுமார் 100 கிலோமீட்டர். ஆனால் அச்சாலை ஜாரவா பழங்குடியினருக்கென ஒதுக்கப்பட்ட காட்டினூடே செல்கின்றது. வாகனங்கள் குறித்த வேளைகளில், காவலுடன், ஒன்றன்பின் ஒன்றாகவே போக வேண்டும். இடையில் ஒரு ஜலசந்தியையும் கடக்க வேண்டும். ஆகவே ஒரு நோயாளியைத் தலைநகரின் மருத்துவமனைக்கு அனுப்புவதென்பது, அவருக்கும் உடன் செல்பவருக்கும் நாட்கூலி இழப்பாகும். அனுப்ப வேண்டியவர் யார், அனுப்ப வேண்டாதவர் யார் எனப் பிரித்தறிவது அங்குள்ள களப்பணியாளருக்குச் சிறிய பொறுப்பன்று.

இத்தகைய ஓர் ஊரில், அறுபது வயதை நெருங்கும் பெண் ஒருவர் மூன்று திங்களாக வயிற்றுப்போக்கினால் வருந்துகின்றார் என்று கொள்க. நாளொன்றுக்கு ஆறேழு முறை, தண்ணீராகவே போகின்றது. இரத்தமில்லை, காய்ச்சலில்லை. இரவிலும் எழுந்து ஓட நேர்கின்றது. சில வேளைகளில் அடக்கிக்கொள்ளவும் இயலாமையால், கோயிலுக்கும் சந்தைக்கும் போவதை அவர் நிறுத்திவிட்டார். இதை வெளியே சொல்ல நாணுகின்றார். சொன்னபோது கிடைத்த விடைகள் இரண்டு: 'குடிக்கும் தண்ணீர் கெட்டிருக்கும்', 'மனக்கவலையால் வருவது'.

முதல் விடையை எடுத்த எடுப்பில் தள்ளிவிட முடியாது. தீவுகளில் நீர்வழிப் பரவும் நோய்கள் உண்மையானவை. 2002ஆம் ஆண்டில் நிக்கோபார் தீவுகளில் வாந்திபேதியே பரவியது. ஆகவே மலத்தைச் சோதித்து அமீபா, ஜியார்டியா போன்ற ஒட்டுண்ணிகள் இல்லையெனத் தெளிவது முதற்படி. ஆனால் கிருமியால் வரும் கழிச்சல் பெரும்பாலும் சில நாட்களில் அடங்கிவிடும். நான்கு வாரங்களுக்கு மேல் நீடிப்பதை நாட்பட்ட வயிற்றுப்போக்கு என மருத்துவர் தனியே பிரிப்பதன் காரணம் இதுவே. மலச்சோதனையில் ஒன்றும் காணாதபோதும் கிருமிக்கொல்லி மாத்திரைகளை மீண்டும் மீண்டும் கொடுத்துவருவது, நோயை விட்டுவிட்டு அதன் பெயரோடு போராடுவதாகும்.

இரண்டாவது விடைக்கு மருத்துவத்தில் எரிச்சலுறு குடல் என்றொரு பெயருண்டு. அதில் வயிற்றுவலியே முன்னிற்கும். பெரும்பாலும் இளமையிலேயே தொடங்கும். உறக்கத்திலிருந்து எழுப்பிவிடுவது அரிது. முதுமையை நெருங்கும்போது புதிதாகத் தோன்றி, இரவிலும் விடாத நீர்க்கழிச்சலை அப்பெயரால் அழைக்குமுன் சற்று நின்று எண்ண வேண்டும்.

அப்பெண் தலைநகருக்குச் சென்று, பெருங்குடலினுள் குழாய்க் கருவி செலுத்திப் பார்க்கும் சோதனைக்கும் உட்படுகின்றார் என்க. சவ்வு இளஞ்சிவப்பாக, வழவழப்பாக, புண்ணோ கட்டியோ இன்றிக் காணப்படுகின்றது. 'ஒன்றுமில்லை' என்ற சீட்டுடன் அவர் பாராடாங்குக்குத் திரும்பக் கூடும். ஆனால் அதே சவ்விலிருந்து கிள்ளி எடுத்த சிறு துணுக்குகளைச் சாயமேற்றி நுண்ணோக்கியின் கீழ் வைத்திருந்தால், விடை வேறாக இருந்திருக்கலாம். கண்ணுக்குத் தோன்றாமல் நுண்ணோக்கிக்கு மட்டுமே புலனாகும் இந்நோய்க்கு நுண்ணோக்கிப் பெருங்குடலழற்சி என்பது பெயர்.

இந்நோயின் வரலாறு நீண்டதன்று. 1976ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு மால்மோ நகரத்து நோய்க்கூற்றறிஞர் லிண்ட்ஸ்ட்ரோம், நீர்க்கழிச்சலால் வருந்திய ஒரு பெண்ணின் பெருங்குடல் சவ்வில், மேற்பரப்பு அணுக்களுக்கு நேர் கீழே கொலாஜென் என்னும் நார்ப்புரதம் பட்டையாகத் தடித்திருப்பதை விவரித்தார். இது ஒரு புதிய நோய்தானா என்று தம் கட்டுரையின் தலைப்பிலேயே கேள்விக்குறி இட்டிருந்தார். 1980இல் ரீட் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும், காரணம் விளங்காத நாட்பட்ட வயிற்றுப்போக்கை ஆராய்ந்தபோது 'நுண்ணோக்கிப் பெருங்குடலழற்சி' என்னும் தொடரைப் பயன்படுத்தினர். 1989இல் லேசன்பி முதலிய அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள், நார்ப்பட்டை தடிக்காமல் லிம்போசைட் என்னும் வெள்ளணுக்கள் மட்டும் மேற்பரப்பு அணுக்களிடையே மிகுந்து நிற்கும் வகையைப் பிரித்து, லிம்போசைட் பெருங்குடலழற்சி எனப் பெயரிட்டனர்.

இரு வகைகளையும் இன்று அளவுகளால் பிரிக்கின்றனர். மேற்பரப்பில் 100 அணுக்களுக்கு லிம்போசைட்டுகள் 20க்கு மேல் இருந்தால் லிம்போசைட் வகை. நார்ப்பட்டை 10 மைக்ரோமீட்டருக்கு மேல், அதாவது ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக்கு மேல் தடித்திருந்தால் கொலாஜென் வகை. வகுப்பறையில் விளக்க விரும்பும் ஆசிரியர், இது ஒரு தலைமயிரின் பருமனில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கே எனக் கூறலாம். இம்மாற்றம் குடல் முழுவதும் ஒரே சீராகப் பரவியிருப்பதில்லை. மலக்குடலிலிருந்து மட்டும் துணுக்கு எடுத்தால் நோய் தப்பிவிடக் கூடும். ஏறு குடலிலிருந்தும் இறங்கு குடலிலிருந்தும் தனித்தனியே எடுக்க வேண்டுமென்பது இதனாலேயே.

இந்நோயை எக்குலத்தில் சேர்ப்பது? குடலழற்சிக் குடும்பத்தில் மூத்தவை இரண்டு: புண் பெருங்குடலழற்சியும் குரோன் நோயும். அவை சவ்வைப் புண்ணாக்கும். இரத்தம் போகச் செய்யும். குரோன் நோய் குடலின் முழுச் சுவரையும் ஊடுருவும். அவை நெடுங்காலம் நீடிக்குமிடத்துப் பெருங்குடற் புற்றுநோய் பற்றிய அச்சமும் உண்டு. நுண்ணோக்கிப் பெருங்குடலழற்சியில் இவை ஒன்றுமில்லை. புற்றுநோய் அச்சத்தை அது கூட்டுவதில்லை. எனினும் நெடுநாள் நீடிப்பது, அடங்கி மீண்டும் தலைதூக்குவது, உடலின் காப்பு அணுக்களே சவ்வில் குவிவது ஆகிய மூன்றிலும் அது மூத்தவற்றை ஒத்திருக்கின்றது. 2021ஆம் ஆண்டில் வெளியான ஐரோப்பிய வழிகாட்டுக் குறிப்பு, இதனை நாட்பட்ட அழற்சிக் குடல் நோய்களில் ஒன்றெனவே வரையறுத்தது.

பதிவேடுகளோ வேறு வகையாகப் பேசுகின்றன. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலின் பத்தாம் பதிப்பில், குரோன் நோய்க்கு கே50, புண் பெருங்குடலழற்சிக்கு கே51. நுண்ணோக்கிப் பெருங்குடலழற்சிக்கோ தனி வீடில்லை. 'கிருமியாலன்றி வரும் பிற' அழற்சிகளுக்குரிய கே52இன் ஒரு மூலையில், கே52.8 என்ற எண்ணின் கீழ் அது ஒண்டிக் கிடக்கின்றது. எரிச்சலுறு குடல் தொலைவில் கே58. மலச்சோதனையில் ஒன்றுமில்லாத நோயாளியைக் கிருமி நோய்களுக்குரிய 'ஏ' வரிசையில் எழுதிவிட்டால், மாதக் கணக்கில் அவர் தண்ணீர்க் கேட்டினால் நோயுற்றவராகிவிடுவார். கிணற்றைச் சுத்தம் செய்ய ஆள் வரும். நோயாளிக்கு ஒன்றும் வராது.

தன்னெதிர்ப்பு நோய்கள் என்னும் மற்றொரு கூட்டத்துடனும் இதற்கு உறவு பேசப்படுகின்றது. உடலின் காப்புப் படை, அயலாரை விடுத்துத் தன் உறுப்பையே தாக்குவது அக்கூட்டத்தின் இயல்பு. நுண்ணோக்கிப் பெருங்குடலழற்சி உள்ளோரிடம் தைராய்டு சுரப்பியின் தன்னெதிர்ப்பு நோய், முதல்வகை நீரிழிவு, முடக்குவாத மூட்டழற்சி, கோதுமைப் புரதத்தால் வரும் சீலியாக் நோய் ஆகியவை பிறரைவிட மிகுதியாகக் காணப்படுகின்றன. நோயுறுவோரில் பெண்களே அதிகம். கொலாஜென் வகைக்கும், தன்னெதிர்ப்பு நோய்கள் பலவற்றில் காணப்படும் ஒரு மரபணுத் தொகுதிக்கும் தொடர்பிருப்பதாக மரபணு ஆராய்ச்சிகள் காட்டியுள்ளன.

இவ்வளவு சான்றிருந்தும் அதனைத் தன்னெதிர்ப்பு நோய் என உறுதியாக முத்திரையிட இயலவில்லை. சீலியாக் நோயை இரத்தத்திலுள்ள எதிர்ப்பொருளைக் கொண்டு தேடலாம். இதற்கு அத்தகைய தனி எதிர்ப்பொருள் ஒன்றும் அகப்படவில்லை. தாக்கப்படும் சொந்தப் பொருள் எது என்பதும் காட்டப்படவில்லை. 1995இல் சுவீடனில் யார்னரோட் குழுவினர் வெளியிட்ட அவதானிப்பு வேறொரு திசையைச் சுட்டியது. கொலாஜென் வகை நோய் கடுமையாயிருந்த சிலருக்கு, குடலின் உள்ளடக்கம் பெருங்குடலை அடையாதவாறு அறுவை முறையால் வழி திருப்பியபோது சவ்வு சீரடைந்தது. பழைய வழியைத் திரும்பத் திறந்தபோது நோயும் திரும்பியது. அப்படியாயின் தூண்டுவது குடலின் உள்ளே ஓடும் ஏதோ ஒரு பொருளாதல் வேண்டும். மருந்துகளும் ஐயத்துக்குரியவை. மூட்டுவலிக்குத் தின்னும் வலிநிவாரணிகள், லான்சோபிரசோல் போன்ற அமிலத் தடுப்பு மருந்துகள், செர்ட்ராலின் போன்ற மனச்சோர்வு மருந்துகள் ஆகியவற்றுடன் இந்நோய்க்குத் தொடர்பு கண்டுள்ளனர். புகைபிடித்தலும் அவற்றோடு சேரும். எனவே தன்னெதிர்ப்பு நோய்களுக்கு அண்டை வீட்டார், ஆனால் அக்குடும்பத்தில் பிறந்தவரென்று சொல்ல ஆதாரமில்லை என்பதே இன்றைய நிலை. அக்குடும்பத்துக்கு ஒரே கூரையுமில்லை. பத்தாம் பதிப்பில் முதல்வகை நீரிழிவு ஈ10இலும், சீலியாக் நோய் கே90.0இலும், முடக்குவாத மூட்டழற்சி எம் வரிசையிலும், அவரவர் உறுப்பை ஒட்டிச் சிதறிக் கிடக்கின்றன.

அளவுகளைப் பற்றிய ஒரு கேள்வி இன்னும் எஞ்சியுள்ளது. நூற்றுக்கு இருபது லிம்போசைட் என்னும் கோடு பெரும்பாலும் மேலை நாட்டினரின் குடலைக் கொண்டு வரையப்பட்டது. நம் நாட்டவரின் இயல்பான குடலும் அதுபோன்றதுதானா? வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் இக்கேள்வி முன்னமே எழுந்தது. 1960களின் தொடக்கத்தில் வட ஆர்க்காட்டுக் கிராமங்களில் வெப்பமண்டல ஸ்புரூ என்னும் வயிற்றுப்போக்கு நோய் கொள்ளை நோயாகப் பரவியபோது, பேக்கர், மேத்தன் முதலியோர், மெல்லிய குழாயின் நுனியில் இணைத்து விழுங்கச் செய்யும் சிறு உலோகக் குளிகையினால் சிறுகுடல் சவ்வுத் துணுக்குகளை எடுத்து ஆராய்ந்தனர். நோயாளியினுடையதோடு ஒப்பிட நோயற்றோரின் சவ்வையும் பார்த்தபோது, அதுவும் மேலை நாட்டு நூல்களின் படத்தைப் போல் இல்லை. 1985இல் எம். எம். மேத்தனும் வி. ஐ. மேத்தனும் பெருங்குடலின் கடைப்பகுதிக்கும் இதே கேள்வியைக் கொண்டு சென்றனர். நோயறிகுறி ஏதுமில்லாத தென்னிந்தியரின் மலக்குடல் சவ்விலும் மாறுதல்கள் இருப்பதை அவர்கள் கண்டு, இது வெப்பமண்டலப் பெருங்குடல் மாற்றமோ என வினவினர். லிண்ட்ஸ்ட்ரோமின் தலைப்பைப் போலவே இவர்களுடைய கட்டுரைத் தலைப்பும் கேள்விக்குறியோடு முடிந்தது தற்செயலே; ஆயினும் பொருத்தமானது.

ஆகவே வெப்ப நாட்டில் சில லிம்போசைட்டுகள் கூடுதலாக இருப்பது மட்டும் நோயாகிவிடாது. கழிச்சலின் கதையும், கிருமி இன்மையும், நுண்ணோக்கிக் காட்சியும் மூன்றும் சேர்ந்தே நோயைத் தீர்மானிக்கும். கதையைச் சொல்பவர் களப்பணியாளர். அவர் குறிப்பு இல்லாமல் கண்ணாடித் தகட்டை மட்டும் பார்ப்பவருக்குப் பாதிச் செய்தியே கிடைக்கும்.

சீலியாக் நோயிலும் வாழும் இடம் பேசுகின்றது. 2016இல் வெளியான பலமைய ஆய்வொன்றில், அந்நோய்க்குரிய எதிர்ப்பொருள் வட இந்தியரில் 1.23 விழுக்காட்டினரிடமும், வடகிழக்கில் 0.87 விழுக்காட்டினரிடமும், தெற்கில் 0.10 விழுக்காட்டினரிடமும் காணப்பட்டது. அதற்கு இடங்கொடுக்கும் மரபணுக்கள் மூன்று பகுதிகளிலும் ஏறத்தாழ ஒத்திருந்தன. கோதுமை உண்ணும் அளவே பெரிதும் வேறுபட்டது. பல திசைகளிலிருந்து வந்தோர் கூடி வாழும் பாராடாங்கில், ஒரு பகுதியின் கணக்கை அப்படியே ஏற்றிப் பேசலாகாது. வீட்டில் சோறா சப்பாத்தியா எனக் கேட்பது வீண் விசாரணையன்று. சீலியாக் நோய் உறுதியாகி, கோதுமையை விலக்கிய பின்னும் கழிச்சல் நில்லாதவர்களுக்கு, நுண்ணோக்கிப் பெருங்குடலழற்சி உடனிருக்கின்றதா எனப் பார்ப்பது வழக்கம்.

சரியான பெயர் கிடைத்தால் சிகிச்சை கடினமன்று. தூண்டக் கூடிய மருந்தை மருத்துவர் நிறுத்தியோ மாற்றியோ பார்ப்பார். நோயாளி தாமாக நிறுத்தலாகாது; இதய நோய்க்கான ஆஸ்பிரினும் ஐயத்துக்குரிய பட்டியலில் உண்டு. அதற்கும் அடங்காதபோது புடெசொனைடு என்னும் ஸ்டீராய்டு கொடுக்கப்படுகின்றது. அது குடலில் தன் வேலையைச் செய்தபின் பெரும்பகுதி ஈரலில் சிதைந்துபோவதால், பழைய ஸ்டீராய்டுகளைப் போல உடல் முழுதும் பரவித் தீங்கு செய்வது குறைவு. பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் கழிச்சல் நிற்கின்றது. மருந்தை நிறுத்தியபின் பலருக்கு நோய் திரும்புகின்றது. அப்போது குறைந்த அளவில் தொடர்வர். பித்த உப்புகள் மிகுந்து கழிச்சலைக் கூட்டுவோருக்குக் கொலஸ்டிரமின் உதவும்.

தலைநகருக்கு அனுப்பும் சீட்டில் பாராடாங்கின் களப்பணியாளர் எழுதத் தக்கவை சில வரிகளே: எத்தனை வாரமாக, இரவில் எத்தனை முறை, இரத்தம் உண்டா, எடை குறைந்ததா, மலச்சோதனையில் கண்டது என்ன, கடந்த ஓராண்டில் உட்கொண்ட மாத்திரைகள் எவை, தைராய்டு அல்லது மூட்டு நோய் உண்டா. கடைசியாக ஒரு வரி: சவ்வு இயல்பாகத் தோன்றினும் இரு பக்கக் குடலிலிருந்தும் துணுக்கெடுத்துப் பார்க்க வேண்டுகோள். துணுக்குகள் ஃபார்மலின் நீரில் கெடாமல் இருக்கும். அவற்றுக்குப் பனிக்கட்டிப் பெட்டி வேண்டியதில்லை.