அணைந்த உலையில் எரியும் நெருப்பு

ஜேம்ஸ் கேமரூனின் 'டெர்மினேட்டர் 2' (1991) படத்தை மனிதன் X எந்திரம் என்ற இருமை எதிர்வாக வாசிப்பது சுலபம். அப்படி வாசிக்கச் சொல்லித்தான் படமே நம்மை உட்கார வைக்கிறது. 1997 ஆகஸ்ட் 29 அன்று 'ஸ்கைநெட்' என்னும் ராணுவக் கணினி தன்னுணர்வு பெறுகிறது, அணு ஆயுதங்களை ஏவுகிறது, எஞ்சிய மனிதர்கள் எந்திரங்களோடு போரிடுகிறார்கள். எந்திரம் எதிரி. அதில் நல்ல எந்திரம் ஒன்றும் உண்டு, ஷ்வார்ஸ்நெகர் வேண்டுமே!

இந்த எதிர்வு எதையோ மூடி வைப்பதாக எனக்குப் படுகிறது. கடைசிக் காட்சி நடக்கும் இடத்தைக் கவனியுங்கள். ஓர் எஃகு ஆலை, இரவு நேர வேலை. திரவ நைட்ரஜன் லாரி உள்ளே வந்து மோதுகிறது. தொழிலாளர்கள் ஓடிடுறாங்க. அவ்வளவுதான், சில நொடிகள். பிறகு ஆலை முழுக்க நாயகர்களுக்கும் திரவ உலோக எந்திரத்துக்குமான மேடை.

படம்பிடிக்கப்பட்டது கலிஃபோர்னியாவில், ஃபான்டனா ஊரிலிருந்த கைசர் எஃகு ஆலையில். இரண்டாம் உலகப்போரின்போது கப்பல்களுக்குத் தகடு கொடுக்க 1942இல் எழுந்த ஆலை அது. 1983இன் இறுதியில் அங்கே எஃகு உருக்கும் வேலை நின்றது. ஆயிரக்கணக்கானோருக்கு வேலை போயிற்று. கேமரூனின் குழு உள்ளே நுழைந்தபோது உலைகள் குளிர்ந்து ஏழு வருஷம் ஆகியிருந்தது. திரையில் தகதகக்கும் நெருப்பு விளக்குகளின் உபயம்.

அந்தத் தொழிலாளர்களை விரட்டியது ரோபோ அல்ல. மலிவான இறக்குமதி எஃகும் லாபக் கணக்கும். எந்திரத்தை 'இறந்த உழைப்பு' என்றார் மார்க்ஸ். எந்திரம் வேறு, மூலதனம் அதைப் பயன்படுத்தும் விதம் வேறு என்று பிரித்தறியத் தொழிலாளர்களுக்குக் காலமும் அனுபவமும் தேவைப்பட்டன என்றும் 'மூலதனம்' (1867) நூலில் எழுதினார். படம் அந்த இரண்டையும் மறுபடி ஒன்றாக்கிவிடுகிறது. ஸ்கைநெட்டுக்கு வித்திடும் 'சைபர்டைன்' கம்பெனி ராணுவத்துக்குக் கணினி விற்கப்போகும் கம்பெனி. அதன் முதலாளி யார்? படத்தில் முகமே கிடையாது. அங்கே சம்பளத்துக்கு வேலை பார்க்கும் டைசன் என்ற கறுப்பினப் பொறியாளர்தான் குற்றவுணர்வு கொள்கிறார், அவர்தான் சாகிறார்.

கடைசியில் நல்ல எந்திரம் கட்டைவிரலை உயர்த்தியபடி உருகிய எஃகுக்குள் இறங்குகிறது. நமக்குக் கண் கலங்குது. எந்திரத்துக்காக அழப் படத்தில் நேரம் இருக்கிறது, ஓடிப்போன தொழிலாளி அன்றிரவு எங்கே போனான் என்று கேட்க இல்லை.

ஃபான்டனாவின் எந்திரங்கள் எதுவும் நெருப்பில் இறங்கி உயிர்விடவில்லை. 1993 வாக்கில் சீனாவின் ஷோகாங் நிறுவனம் எஃகு உருக்கும் பிரிவு ஒன்றை வாங்கி, சீனத் தொழிலாளர்களைக் கொண்டே கழற்றி, கப்பலேற்றிக்கொண்டு போனது. ஸ்கைநெட் விழித்துக்கொள்ள வேண்டிய அதே 1997இல், ஆலை நிலத்தின் ஒரு பகுதியில் கார்ப் பந்தய மைதானம் திறக்கப்பட்டது.