வீட்டில் படிக்கும் பெரிய பிள்ளையும் இடுப்பில் இருக்கும் சின்னப் பிள்ளையும்



நமது மஹல்லாவில் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் வீட்டிலேயே வைத்துப் படிக்க வைக்கும் குடும்பங்கள் சில உள்ளன. ஹிஃப்ளு ஓதும் பிள்ளைக்கு நேரம் போதவில்லை என்பது சிலருடைய காரணம். பள்ளிக்கூடம் தூரம், பிள்ளைக்கு உடல்நலம் சரியில்லை, வகுப்பில் பிள்ளை ஒட்டவில்லை என்பது வேறு சிலருடைய காரணம். காரணம் எதுவானாலும், அறக்கட்டளை அலுவலகத்துக்கு வரும் தாய்மார்கள் பாடத்திட்டத்தைப் பற்றி அதிகம் கேட்பதில்லை. "சின்னவன் ஒரு நிமிஷம் உட்கார விடமாட்டேன் என்கிறான். இவனை வைத்துக்கொண்டு பெரியவளுக்கு எப்போது பாடம் சொல்லிக் கொடுப்பது?" என்பதுதான் அவர்களுடைய கேள்வி. அதற்கு எங்களால் இயன்ற விளக்கத்தை இங்கே தருகிறோம்.

எவ்வளவு நேரம் தேவை?

முதலில் கணக்கைப் பார்ப்போம். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 1 முதல் 5 வரையுள்ள வகுப்புகளுக்கு ஆண்டுக்கு 200 வேலை நாட்கள், 800 மணி நேரப் பாடம் என்று வரையறுத்துள்ளது. 6 முதல் 8 வரை 220 நாட்கள், 1000 மணி நேரம். அப்படியானால் தொடக்க வகுப்புக்கு ஒரு நாளைக்கு 4 மணி நேரம்.

வகுப்பறையில் ஓர் ஆசிரியர் பல பிள்ளைகளைக் கவனிக்க வேண்டும். வீட்டில் ஒரே பிள்ளைதான். ஆகவே 8, 9 வயதுப் பிள்ளை ஒரு நாளைக்கு 2 மணி நேரம் முழுக் கவனத்துடன் உட்கார்ந்தாலே பாடம் நகரும் என்பது எங்கள் கருத்து. ஆண்டுக்கு 200 நாள் என்றால் அது 400 மணி நேரம்.

இப்போது சின்னப் பிள்ளையைக் கணக்கில் சேர்ப்போம். "தம்பியைக் கொஞ்சம் பார்த்துக்கொள்" என்று பாட நேரத்தில் தினமும் அரை மணி நேரம் பெரியவளை எழுப்பினால், 200 நாளில் 100 மணி நேரம் போய்விடும். அதாவது நான்கில் ஒரு பங்குக் கல்வி. ஒரு நாள் பார்க்கும்போது அது சிறிய உதவியாகத்தான் தெரியும். ஆண்டு முடிவில் வகுத்தல் கணக்கும் வாக்கியம் எழுதுவதும் வராமல் நிற்கும்போதுதான் பெரிய இழப்பு என்று புரியும்.

ஆகவே அடிப்படையான விதி ஒன்றைச் சொல்கிறோம். வீட்டில் படிக்கும் பிள்ளை, வீட்டு வேலைக்கு என்று வீட்டில் இருக்கும் பிள்ளை அல்ல. அந்த 2 மணி நேரம் அவளுக்குப் பள்ளிக்கூட நேரம். பள்ளிக்கூடத்தில் இருக்கும் பிள்ளையைத் தம்பியைத் தூக்குவதற்காக நாம் அழைத்து வருவோமா?

சின்னவன் தூங்கும் நேரம்தான் பள்ளி மணி

அந்த 2 மணி நேரத்தை எங்கிருந்து எடுப்பது? ஒன்றரை வயதுக் குழந்தை இருக்கும் வீட்டில் சுவரில் எழுதி ஒட்டிய கால அட்டவணை அதிக நாள் நிற்காது. குழந்தையின் தூக்கத்தை வைத்தும் தொழுகை நேரங்களை வைத்தும்தான் நாளைப் பிரிக்க வேண்டும்.

1, 2 வயதுக் குழந்தைகளுக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து ஒரு நாளைக்கு 11 முதல் 14 மணி நேரத் தூக்கம் தேவை என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது. இந்த வயதில் பெரும்பாலான பிள்ளைகள் மதியம் ஒரு முறை நன்றாகத் தூங்கும். ஃபஜ்ருக்குப் பின்னும் சற்று நேரம் தூங்கும் பிள்ளைகள் உண்டு. இந்த இரண்டு வேளைகளையும் வீணாக்காதீர்கள்.

ஃபஜ்ருக்குப் பின் வீடு அமைதியாக இருக்கும். ஹிஃப்ளு ஓதும் பிள்ளைக்குப் புதிய சபக் அப்போதுதான். ஹிஃப்ளு இல்லாத பிள்ளைக்குக் கணக்கு. ளுஹருக்குப் பின் சின்னவன் தூங்கியதும் எழுத்து வேலை: தமிழ், ஆங்கிலம், அறிவியல். அந்த நேரத்தில் பாத்திரம் துலக்கவும் துணி மடிக்கவும் கை துறுதுறுக்கும். அவற்றைச் சின்னவன் விழித்திருக்கும்போதும் செய்யலாம். பாடத்தை அப்போது செய்ய முடியாது.

குழந்தை விழித்திருக்கும்போது வாயால் படிக்கும் பாடங்களை வையுங்கள். வாய்ப்பாடு, பழைய சூராக்களைத் திருப்பி ஓதுவது, பாடலை மனப்பாடம் செய்வது, அரிசி அளக்கும்போது அரைப்படி கால்படி என்று பின்னம் சொல்வது ஆகியவற்றுக்கு மேசையும் அமைதியும் தேவையில்லை. படக் கதையைப் பெரியவள் உரக்கப் படித்தால் அவளுக்கு வாசிப்பு, சின்னவனுக்குச் சொல் வளம்.

சின்னவன் கையில் என்ன கொடுப்பது?

கைப்பேசியை அல்ல. அதே வழிகாட்டுதல், 2 வயது நிறையாத குழந்தைக்குத் திரையே வேண்டாம் என்றும், 2 முதல் 4 வயது வரை ஒரு நாளைக்கு 1 மணி நேரத்துக்கு மேல் கூடாது என்றும், அதற்கும் குறைவானால் இன்னும் நல்லது என்றும் சொல்கிறது. பெரியவள் படிக்க வேண்டும் என்பதற்காகச் சின்னவனைக் கைப்பேசியில் விட்டால், ஒரு பிள்ளையின் கல்விக்கு இன்னொரு பிள்ளை விலை கொடுத்ததாக ஆகும்.

அதற்குப் பதிலாக ஒரு பிளாஸ்டிக் கூடையில் எவர்சில்வர் டம்ளர், பெரிய மூடிகள், மரக்கரண்டி, பழைய துணித் துண்டுகள் போட்டு வையுங்கள். பாட நேரத்தில் மட்டும் அந்தக் கூடை இறங்கட்டும். முடிந்ததும் பரண் மேல் போகட்டும். தினமும் கண்ணில் படாத பொருள்தான் குழந்தையைக் கொஞ்ச நேரம் பிடித்து வைக்கும்.

பாடத்தைத் தரையில் வைக்காமல் குழந்தையின் கைக்கு எட்டாத மேசையில் வையுங்கள். அழிரப்பர், பென்சில் முனை, நாணயம், பாசிமணி ஆகியவை தொண்டையில் அடைக்கும். கால்குலேட்டர், ரிமோட், பொம்மை ஆகியவற்றில் இருக்கும் பொத்தான் போன்ற தட்டையான பேட்டரி எல்லாவற்றையும் விட ஆபத்தானது. அதை விழுங்கினால் 2 மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாய் வெந்து புண்ணாகிவிடும். விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலே தாமதிக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.

2 வயது முடிந்த பிள்ளைக்கு இன்னொரு வழியும் உண்டு. தமிழ்நாட்டில் அங்கன்வாடி மையங்கள் 2 வயது முடிந்த பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்கின்றன. பாட்டு, விளையாட்டு, சமைத்த மதிய உணவு எல்லாம் இலவசம். பெரியவள் வீட்டில் படிக்கிறாள் என்பதற்காகச் சின்னவனும் வீட்டிலேயே இருக்க வேண்டும் என்று இல்லை. காலையில் அவன் அங்கே இருக்கும் நேரம் இங்கே பாட நேரம்.

வாப்பாவின் பங்கு

வீட்டுக் கல்வி என்றதும் முழுச் சுமையும் உம்மாவின் தோளில் விழுவதைப் பார்க்கிறோம். சமையல், துணி, பால் கொடுத்தல், பாடம் என்று எல்லாம் ஒருவருக்கே. இது நீடிக்காது.

பால் மறக்கடிப்பதைக்கூடப் பெற்றோர் இருவரும் கலந்து ஆலோசித்து, இருவரும் மனம் ஒப்பிச் செய்யும்படி சூரத்துல் பகராவின் 233ஆம் வசனம் வழிகாட்டுகிறது. பால்குடிக்கே கலந்தாலோசனை என்றால், ஒரு பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்தி வீட்டில் படிக்க வைக்கும் முடிவுக்கு அது எவ்வளவு தேவை! யார் பாடம் சொல்வது, அந்நேரத்தில் யார் சின்னவனைப் பார்ப்பது என்று முதல் நாளே பேசி முடிவு செய்யுங்கள்.

நம் நபி (ஸல்) அவர்கள் தம் மகள் ஜைனப் (ரலி) அவர்களின் சிறு மகள் உமாமாவைத் தூக்கிக்கொண்டே தொழுததும், ஸஜ்தாவுக்குச் செல்லும்போது இறக்கிவிட்டு எழும்போது மீண்டும் தூக்கிக்கொண்டதும் புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொள்வது ஆண்களுக்குக் குறைவான காரியம் அல்ல. ஃபஜ்ர் முடிந்து கடை திறக்கும் வரை சின்னவன் வாப்பாவிடம் இருந்தால் ஒரு மணி நேரப் பாடம் நடந்துவிடும்.

வாப்பா சஃபரில் இருக்கும் வீடுகளிலும் வழி உண்டு. வாட்ஸ்அப் அழைப்பில் நலம் விசாரித்து முடிப்பதோடு நிற்காமல், பெரியவள் ஒரு பக்கம் வாசிக்க வாப்பா கேட்கட்டும். வாய்ப்பாட்டையும் அவரே கேட்கட்டும். அந்த அரை மணி நேரம் உம்மாவின் கை சின்னவனுக்குக் கிடைக்கும். வாப்பும்மா, உம்மும்மா இருக்கும் வீட்டில் பாட நேரத்தில் குழந்தையை அவர்களிடம் கேட்டு ஒப்படையுங்கள்.

ராத்தா உதவக் கூடாதா?

உதவலாம், உதவவும் வேண்டும். தம்பிக்குச் சோறு ஊட்டுவதும் விளையாட்டுக் காட்டுவதும் பிள்ளைகளுக்கிடையே பாசத்தை வளர்க்கும். ஆனால் அந்த உதவி பாட நேரம் முடிந்த பிறகு. உதவி மகளிடம் மட்டும் கேட்கப்படாமல் மகனிடமும் கேட்கப்படட்டும். தண்ணீர் வாளி, அடுப்பு, மாடிப்படி இருக்கும் இடத்தில் குழந்தையை 9 வயதுப் பிள்ளையின் பொறுப்பில் விட்டுவிடக் கூடாது.

இங்கே சற்றுக் கசப்பான ஒன்றையும் சொல்ல வேண்டியுள்ளது. "மகள் வீட்டில் படிக்கிறாள்" என்று நம்மிடம் சொல்லப்படும் சில வீடுகளில் புத்தகம் திறக்கப்படுவதில்லை. உம்மாவுக்குக் கை உதவி வேண்டும், சின்னப் பிள்ளையைப் பார்க்க ஆள் வேண்டும் என்பதற்காக 11, 12 வயதில் நிறுத்தப்பட்ட பிள்ளைகள் அவர்கள். அதற்கு வீட்டுக் கல்வி என்று பெயர் வைக்க முடியாது. சில ஆண்டுகள் கழித்து உதவித்தொகை கேட்டோ, தையல், கணினி, நர்சிங் பயிற்சி கேட்டோ வரும்போது அவள் கையில் ஒரு மதிப்பெண் சான்றிதழும் இருக்காது. தம்பி அதற்குள் வளர்ந்து பள்ளிக்குப் போய்க்கொண்டிருப்பான். பிள்ளைகள் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானத். அந்த அமானத்தில் மகனுக்கு ஒரு கணக்கு, மகளுக்கு ஒரு கணக்கு கிடையாது.

இதைச் சோதிக்க எளிய வழி உண்டு. பிள்ளை எழுதும் ஒவ்வொரு பக்கத்திலும் தேதி போடச் சொல்லுங்கள். மாதம் ஒரு முறை வாப்பாவோ உம்மாவோ நோட்டைப் புரட்டிப் பாருங்கள். தொடர்ந்து மூன்று மாதம் பக்கங்கள் வெறுமையாக இருந்தால், நம் வீட்டுச் சூழலுக்கு இது ஒத்துவரவில்லை என்று பொருள். அப்போது பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவிடுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

சட்டமும் சான்றிதழும்

கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. 6 முதல் 14 வயது வரை கட்டணமில்லாக் கல்வி பிள்ளையின் உரிமை என்றும், பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்றும் அது கூறுகிறது. வீட்டுக் கல்விக்கு என்று அதில் தனி விதி இல்லை. ஆகவே வீட்டில் படிக்க வைப்பவர்கள், பிள்ளை படிக்கிறது என்பதற்கான ஆதாரத்தைக் கையில் வைத்திருப்பது நல்லது.

பள்ளிக்குத் திரும்ப நினைப்பவர்களுக்கு அதே சட்டம் துணை நிற்கிறது. இடையில் நின்ற பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும், பின்தங்கிய பாடங்களுக்குச் சிறப்புப் பயிற்சி தர வேண்டும் என்கிறது 4ஆம் பிரிவு. மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமாவதைக் காரணம் காட்டிச் சேர்க்கையை மறுக்க முடியாது.

தொடர்ந்து வீட்டில் படிப்பவர்களுக்கு மத்திய அரசின் தேசிய திறந்தநிலைப் பள்ளி (என்.ஐ.ஓ.எஸ்.) இருக்கிறது. 1989இல் தொடங்கப்பட்டது. 14 வயது நிறைந்தவர் அதில் 10ஆம் வகுப்புக்குப் பதியலாம். தேர்ச்சிக்கு 5 பாடங்கள். அவற்றில் இரண்டு வரை மொழிப் பாடமாக இருக்கலாம். தமிழும் அரபியும் அந்தப் பட்டியலில் உள்ளன. எல்லாப் பாடங்களையும் ஒரே முறையில் எழுத வேண்டியதில்லை. ஒரு பதிவு 5 ஆண்டுகளுக்குச் செல்லும், அதற்குள் 9 முறை தேர்வு எழுதலாம். ஹிஃப்ளு முடித்துவிட்டு வரும் பிள்ளைக்கு இது நல்ல வாசல். ஆனால் இடைப்பட்ட ஆண்டுகளில் கணக்கும் எழுத்தும் விட்டுப்போகாமல் இருந்தால்தான் அந்த வாசலில் நுழைய முடியும். அடுத்துச் சேர விரும்பும் கல்லூரியிலும் படிப்பிலும் என்ன விதி என்பதையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, பெயர். பிறப்புச் சான்றிதழில் "முஹம்மது", ஆதாரில் "முகமது", மாற்றுச் சான்றிதழில் "முஹமத்" என்று மூன்று விதமாக இருக்கும் பிள்ளைகள் நம்மில் ஏராளம். விண்ணப்பிக்கும் நேரத்தில் அலைவதைவிட, இப்போதே மூன்றையும் எடுத்து எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். தவறு இருந்தால் திருத்தக் கால அவகாசம் கிடைக்கும்.

விண்ணப்பம் நிரப்பவோ, பள்ளியில் மீண்டும் சேர்க்கவோ உதவி வேண்டுவோர் மஃரிபுக்குப் பின் அறக்கட்டளை அலுவலகத்துக்கு வாருங்கள். பிள்ளையின் நோட்டையும் கையோடு கொண்டு வாருங்கள். சின்னப் பிள்ளையை வீட்டில் விட முடியவில்லை என்று தயங்க வேண்டாம், தூக்கிக்கொண்டே வாருங்கள்.

நம் பிள்ளைகள் அனைவருக்கும் பயனுள்ள கல்வியையும், அவர்களை வளர்ப்பவர்களுக்குப் பொறுமையையும் அல்லாஹ் தந்தருள்வானாக, ஆமீன்.

செயலாளர்