சொல் பிறந்த கதை – 17
ஈட்டியும் கேடயமும்

சீன மொழியில் 'முரண்பாடு' என்று எழுத இரண்டே எழுத்துகள் போதும். முதல் எழுத்துக்கு ஈட்டி என்று பொருள், அடுத்ததற்குக் கேடயம். சேர்த்து 'மாவ்துன்' என்கிறார்கள். இதே எழுத்துகளை ஜப்பானியர் 'முஜுன்' என்றும் கொரியர் 'மோசுன்' என்றும் வாசிக்கிறார்கள். நேற்றுச் சொன்னதை இன்று மாற்றிப் பேசும் கணவனிடம் மனைவி நீட்டுவதும் இந்த ஈட்டியையும் கேடயத்தையும்தான்.

சொல் பிறந்தது ஒரு வியாபாரியின் வாயில். சூ நாட்டில் ஒருவன் ஈட்டியும் கேடயமும் விற்றான். முதலில் கேடயத்தைத் தூக்கிக் காட்டி, இதைத் துளைக்க உலகத்தில் எதுவும் கிடையாது என்றான். பிறகு ஈட்டியை எடுத்தான். இது துளைக்காத பொருளே இல்லை என்றான். கேட்டுக்கொண்டிருந்த ஒருவர், இந்த ஈட்டியால் இந்தக் கேடயத்தைக் குத்தினால் என்ன ஆகும் என்று விசாரித்தார். வியாபாரியிடம் பதில் இல்லை. கதை அவ்வளவுதான்.

எழுதிவைத்தவர் ஹான் ஃபெய். கி.மு. 3ஆம் நூற்றாண்டுக்காரர், ஹான் நாட்டு அரச குடும்பத்தில் பிறந்தவர். அவருக்குத் திக்குவாய், பேச்சு வராது, ஆனால் எழுத்தில் வல்லவர் என்கிறார் வரலாற்றாசிரியர் சிமா சியென்.

இதே புதிரை நாம் வேறு உருவத்தில் கேட்டிருப்போம். தடுக்கவே முடியாத விசை, அசைக்கவே முடியாத பொருள்மீது மோதினால்? இந்த வடிவத்தில் ஒரு சந்து இருக்கிறது. பொருள் அசையவில்லை, விசை அதற்குள் புகுந்து மறுபக்கம் போய்விட்டது என்று சொல்லி நழுவிவிடலாம். சூ நாட்டு வியாபாரிக்கு அதற்கும் வழியில்லை. உள்ளே எதுவும் புகாது என்று சொல்லித்தானே கேடயத்துக்கு விலை கேட்டான்!

கிரேக்கர்களிடமும் இப்படி ஒரு கதை உண்டு. தீப்ஸ் நகரை அலைக்கழித்த நரி யாரிடமும் பிடிபடாது என்பது விதி. அதைத் துரத்த வந்த லைலாப்ஸ் என்ற நாயோ, துரத்தியதைப் பிடிக்காமல் விடாது. கடைசியில் சீயஸ் இரண்டையும் கல்லாக்கிவிட்டார். கடவுளே கேள்வியைக் கல்லாக்கித்தான் தப்பித்தார். வாயை மூடிக்கொண்ட வியாபாரி எவ்வளவோ தேவலை.

குத்தித்தான் பார்த்துவிடுவோமே என்று தோன்றும். குத்தினால் துளைக்கும், இல்லாவிட்டால் துளைக்காது. எப்படியானாலும் அவன் சொன்னதில் ஒன்று பொய். எது பொய் என்று தெரியத்தான் குத்திப் பார்க்க வேண்டும். பொய் இருக்கிறது என்று தெரிய ஈட்டியைத் தொடக்கூட வேண்டாம். கேடயத்தை மட்டும் விற்றிருந்தால் அந்த மனிதன் மானத்தோடு வீடு திரும்பியிருப்பான்.

உண்மையில் ஹான் ஃபெய்க்கு அவன்மீது கோபம் எதுவும் கிடையாது. அவர் குறிவைத்தது கன்ஃபூசியஸ் வழிவந்த அறிஞர்களை. யாவ், ஷுன் என்ற இரண்டு பழங்கால மன்னர்களை அவர்கள் ஒரே மூச்சில் போற்றுவார்கள். ஷுன் அரியணை ஏறும் முன்பே செய்ததாகச் சொல்லப்படும் சாதனைகள் மூன்று. லீ மலையடிவாரத்தில் உழவர்கள் வரப்புத் தகராறில் கிடந்தார்கள். ஷுன் அங்கே போய்த் தானும் ஏர் பிடித்தார், ஓராண்டில் வரப்புகள் நேராயின. ஆற்றங்கரையில் மீனவர்கள் இடத்துக்கு அடித்துக்கொண்டார்கள். ஷுன் போய் மீன்பிடித்தார், ஓராண்டில் மூத்தவர்களுக்கு இளையவர்கள் வழிவிட்டார்கள். கிழக்கே குயவர்கள் செய்த பானைகள் மட்டமாக இருந்தன. அங்கேயும் ஓராண்டு இருந்தார், பானைகள் உறுதிப்பட்டன.

சரி, அப்போது மன்னராக இருந்தது யார் என்கிறார் ஹான் ஃபெய். யாவ்! அவர் குறையே இல்லாத மன்னர் என்றால் வரப்புச் சண்டை எங்கிருந்து வந்தது? ஷுன் திருத்தினார் என்றால் யாவ் ஆட்சியில் கோணல் இருந்திருக்கிறது. இந்த இடத்தில்தான் வியாபாரி கதையை எடுத்துவிடுகிறார். அதோடும் விடவில்லை. மூன்று கோணலை நிமிர்த்த மூன்று ஆண்டு என்றால், நாட்டில் உள்ள கோணலுக்கெல்லாம் எத்தனை ஷுன் வேண்டும்? சட்டம் போட்டால் பத்து நாளில் ஆகிற காரியம் இது என்கிறார். சட்டத்தின்மீது அவருக்கு இருந்த நம்பிக்கை எனக்கு இல்லை. ஆனால் கேள்வி கூர்மையானது.

அவர் எழுத்தில் மயங்கிய சின் நாட்டு மன்னர்தான் பின்னாளில் சீனாவின் முதல் பேரரசர். அந்த நாட்டுக்குத் தூது போன ஹான் ஃபெய், கூடப் படித்த லீ சு செய்த சூழ்ச்சியால் கி.மு. 233இல் சிறையில் நஞ்சருந்தி இறந்தார். சொல் பிழைத்துக்கொண்டது. 1937இல் முரண்பாடு பற்றி மாவோ எழுதிய புகழ்பெற்ற கட்டுரையின் தலைப்பிலும் ஈட்டியும் கேடயமும் இருக்கின்றன.

அதற்குப் பத்தாண்டு முன்பு, ஷாங்காயில் ஒளிந்திருந்த ஷென் யென்பிங் என்ற எழுத்தாளர் தன் முதல் நாவலுக்கு 'மாவ்துன்' என்று புனைபெயர் போட்டுக் கொடுத்தார். இது பொய்ப்பெயர் என்று அரசுக்குச் சட்டென்று தெரிந்துவிடுமே என்று பயந்த பத்திரிகை ஆசிரியர் யே ஷெங்தாவ், ஈட்டி எழுத்தின் தலையில் புல்லைக் குறிக்கும் கோட்டைச் சேர்த்தார். உச்சரிப்பு மாறவில்லை, பார்வைக்கு நிஜமான குடும்பப்பெயராகிவிட்டது. சீன நாவல்களுக்கான மிகப் பெரிய பரிசு 1982 முதல் அவர் பெயரில்தான் வழங்கப்படுகிறது.

(தொடரும்)