இதயம் தேறிய பின் புத்தி ஏன் தடுமாறுகிறது?

கேரி தீவின் செம்பனைத் தோட்டத்தில் உழைத்து ஓய்ந்த பெரியவர் ஒருவர் கோலாலம்பூர் தேசிய இருதயக் கழகத்தில் பைபாஸ் செய்துகொள்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இரண்டாம் இரவு ஊசிக் குழாயைப் பிடுங்குகிறார், என்றோ இறந்த அண்ணனோடு பேசுகிறார். வீட்டார் காத்துக் கருப்போ என்று கலங்குவார்கள். இது டெலிரியம். அறுவையும் இதய-நுரையீரல் இயந்திரமும் கிளப்பும் அழற்சி, வலி, மயக்க மருந்து, கெட்டுப்போன தூக்கம் எல்லாம் சேர்ந்து மூளையின் கவனத்தைக் கலைக்கின்றன. பெரும்பாலும் சில நாளில் தெளியும். கத்துகிறவரை எல்லாரும் பார்த்துவிடுவார்கள். சத்தமின்றிச் சுருண்டு கிடப்பவர்தான் கண்ணுக்குத் தப்புகிறார்.

மருந்து கொடுத்து அடக்கினால் போதாதா? 2018இல் வெளியான மைண்ட்-யூஎஸ்ஏ ஆய்வில், தீவிர சிகிச்சை நோயாளிகளின் டெலிரியம் நீடித்த காலத்தை ஹாலோபெரிடால் என்ற மருந்து குறைக்கவில்லை. இதய அறுவை நோயாளிகளிடம் டெக்ஸ்மெடெடோமிடின் என்ற மருந்தைச் சோதித்த 2020ஆம் ஆண்டு டிகேட் ஆய்வும் கைகொடுக்கவில்லை. ஆனால் மருத்துவ ஆய்வாளர் ஷாரன் இனோயி குழுவின் 1999 ஆய்வில், முதியவர்களுக்குக் கண்ணாடி, காதுக்கருவி, தண்ணீர், நடை, தூக்கம், நாளும் இடமும் நினைவூட்டும் பேச்சு ஆகியவற்றை ஒழுங்காகக் கொடுத்ததில் டெலிரியம் 9.9 விழுக்காடு, வழக்கமான கவனிப்பில் 15. அது பொதுவார்டு ஆய்வுதானே, இதய அறுவைக்குப் பொருந்துமா என்பது நியாயமான கேள்வி. ஆனாலும் இந்தக் கவனிப்புகள் எதிலும் பெரிய ஆபத்தில்லை. பேசி நினைவூட்ட உறவினர் வந்தால் கிருமி வருமே என்பார்கள். கை கழுவிய ஒருவர் போதும், அவர் தமிழில் பேசட்டும். டெலிரியத்தைக் கண்டறியும் பரிசோதனையும் நோயாளிக்குத் தெரிந்த மொழியில்தான் நடக்க வேண்டும். புரியாத கேள்விக்குத் தவறும் பதில் நோயாகிவிடாது.

அறுவைக்கு முன் மருத்துவரிடம் மறைக்கக் கூடாதது குடிப்பழக்கம். மது திடீரென நின்றாலும் டெலிரியம் வரும். அதற்குப் பென்சோடையஸிபைன் தேவைப்படும். மற்றவர்களுக்கோ அதே மருந்து குழப்பத்தைக் கூட்டக்கூடும்.