மெஷினுக்கும் உண்டு சேஃப்டி வால்வு!

இடியும் மின்னலுமாக மழை கொட்டிய ஓர் ஐப்பசி இரவு. மறுநாள் காலை வாஷிங் மெஷின் பட்டனை அமுக்கினால்... ஊஹூம்! சின்ன விளக்குகூட எரியவில்லை.

மெக்கானிக் வந்து போர்டைக் கழற்றிப் பார்த்தார். "ஃபியூஸ் போயிருக்கும்மா. ஒரு டயோடும் ஷார்ட். அதை எடுத்துட்டேன். இனிமே ஜம்முனு ஓடும்" என்றார். ஓடியது. எனக்கும் ஏக சந்தோஷம்.

இரண்டே மாதம்தான். கரண்ட் போய்த் திரும்பி வந்த ஒரு மத்தியானம் 'டப்' என்று ஒரு சத்தம். முழு போர்டும் போயிற்று! அவர் எடுத்துப் போட்டது வேண்டாத பொருளல்ல, வாசல் காவலாளி என்று அப்புறம்தான் புரிந்தது.

அதன் பெயர் டி.வி.எஸ். டயோடு. (மொபெட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை!) மொச்சைக்கொட்டை அளவுதான் இருக்கும். வேலை என்னவோ குக்கர் வெயிட்டின் வேலை. ஆவி மிஞ்சினால் வெயிட் எழும்பி வெளியேற்றுகிறதல்லவா? அதுபோல, மின்னலாலோ மோட்டார்கள் நின்று ஓடுவதாலோ வோல்டேஜ் திடீரென்று எகிறினால், இது விநாடியில் கோடியில் ஒரு பங்குக்கும் குறைவான நேரத்தில் வழிவிட்டு, மிஞ்சியதைத் தன் மேல் வாங்கிக்கொள்ளும். பிறகு பழையபடி சாதுவாகிவிடும். தாங்க முடியாத அடி விழுந்தால், குக்கரின் சேஃப்டி வால்வு உருகுவதுபோலத் தானே ஷார்ட் ஆகி, ஃபியூஸைப் போகச் செய்து, போர்டைக் காப்பாற்றும்.

உருகிய வால்வுக்குப் பதில் புதிது போடாமல் யாராவது சமைப்போமா?

இன்னொரு விஷயம். நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட் என்றாலும், அலையின் உச்சியில் சுமார் 325 வோல்ட்டைத் தொடும். அதுவும் விநாடிக்கு 50 தடவை முன்னும் பின்னுமாக ஊஞ்சலாடும். ஆகவே மெயின்ஸ் லைனில் இரு பக்கமும் காவல் காக்கும் இருதிசை டயோடுதான் வேண்டும். உதாரணமாக, 1.5கேஇ440சிஏ என்ற எண்ணில் கடைசியில் வரும் 'சிஏ' இருதிசை என்பதற்கு அடையாளம். வெறும் 'ஏ' என்றால் ஒருதிசை. அதை மெயின்ஸில் போட்டால் உடனே ஃபியூஸ் போய்விடும்.

நினைவில் வைக்க:

* "எடுத்துட்டேன்" என்று மெக்கானிக் சொன்னால், "அதே நம்பர்ல புதுசு போட்டீங்களா?" என்று கேளுங்கள். சில மெஷின்களில் இதே வேலைக்கு வட்ட வில்லை போன்ற எம்.ஓ.வி. இருக்கும். அதற்கும் இதுவே விதி.

* நியூட்ரல் அறுந்து நிமிடக் கணக்கில் வோல்டேஜ் ஏறி நின்றால் இந்தச் சின்ன டயோடு தாங்காது. அதற்கு, தானே கட் ஆகும் ஸ்டெபிலைசர் வேண்டும்.

* வானம் கறுத்ததுமே பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். டி.வி.யின் கேபிளையும்தான். இடி இடிக்கும்போது அதன் அருகே போகவேண்டாம்.

* மெஷினை நீங்களே திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே மின்சாரம் தங்கியிருக்கும்.

அந்த ஒரு கேள்வியை அன்றே நான் கேட்டிருந்தால், ஒரு போர்டின் விலை மிச்சமாகியிருக்கும்!